கோட்டுக்கு வெளியே நின்ற தடுப்பாட்டக்காரர்

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். பயப்படுவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. ஒஸ்லோவில், புருசெத் நிலையத்தில் ரயில் ஏறினால், வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்ற யோசனையும் கூடவே ஏறும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து எங்கள் கிடங்கு உதைபந்து அணியின் பின்வரிசை நடுவில் நிற்கச் சொன்னார் செக் நாட்டுக்காரர். அது அவர் விளையாடிய இடம்!

சொந்த நாட்டில் சம்பளத்துக்கு உதைபந்து ஆடிய தடுப்பாட்டக்காரர் அவர். பிறகு நோர்வேயில் ஒரு சின்னக் கழகத்துக்கு வந்து, முழங்கால் போனதும் எங்கள் கிடங்கில் பொதி தூக்கும் வண்டி ஓட்டினார். வேலையிடங்களுக்கிடையிலான போட்டிகளில் எங்களுக்காகவும் ஆடினார். இந்த வருசம் வைத்தியர் அதையும் நிறுத்திவிட்டார். "அப்ப நான் பயிற்சியாளராக இருக்கிறேன்" என்றார். அணியில் பாதிப்பேருக்கு விருப்பமில்லை. ஒரு ஆட்டம் கொடுத்துப் பார்ப்போம், தோற்றால் வேறு ஆள் என்று முடிவானது.

அந்த ஆட்டத்தில்தான் நான் பின்வரிசை நடுவில்.

எங்கள் கோல்காப்பாளரும் என்னைப்போல யாழ்ப்பாணத்து ஆள். "மச்சான், நீ அடுப்பை நிப்பாட்டினனியோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிப்பாய். அவன் கோல் அடிச்சிட்டுப் போயிடுவான்" என்றான். அதையே நோர்வேஜிய மொழியிலும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். செக் நாட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"பயந்தவன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். எனக்கு அதுதான் வேணும்" என்றார் தன் உடைந்த நோர்வேஜியனில்.

முதல் பாதியில் எங்கள் பின்வரிசை அவர் நின்ற பக்கம். கோட்டுக்கு வெளியே அவர் தன்னை மறந்து எங்களோடு ஆடிக்கொண்டிருந்தார். எதிரணி பந்தை உதைக்கப் போகும் கணத்தில் நொண்டி நொண்டி இரண்டடி முன்னே வருவார். கடைக்கண்ணால் அதைப் பார்த்து நானும் வருவேன், மற்றவர்களும் வருவார்கள், எதிராளி எங்களுக்குப் பின்னால் தனியே ஓஃப்சைட்டில் நிற்பான், அங்கே அவன் அடிக்கும் கோல் செல்லாது. ஒரு கோல் முன்னுக்கு நின்றோம்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. தனக்குக் குறித்த இடத்தை விட்டு வரமுடியாமல் அவர் தூரத்து முனையில். யாரைப் பார்த்து ஏறுவது? திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கழுத்து நொந்தது.

ஆட்டம் முடியப் போகிறது. நடுத்திடலில் எதிரணிக்காரன் ஒருவன் காலை ஓங்கினான். எனக்குப் பின்னால் அவர்களின் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பதுங்கியதைக் கண்டேன். நோர்வேஜிய மொழி வாயில் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"மேலை வாங்கோ!"

வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. பின்வரிசையில் நின்ற போலந்துக்காரன், சோமாலியாக்காரன், நோர்வேக்காரன், மூவரும் சொல் விளங்காமலே என்னோடு ஒரே அடியாக முன்னேறினார்கள்! பந்து எங்கள் தலைக்கு மேலால் போனது. மஞ்சள் சட்டைக்காரன் அதை வலைக்குள் அடித்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடினான். விசில். நடுவர் கையை உயர்த்தினார். ஓஃப்சைட்!

வென்றோம். செக் நாட்டுக்காரர் வைத்தியர் சொன்னதையெல்லாம் மறந்து திடலுக்குள் ஓடிவந்தார். அவரை வேண்டாம் என்று முதலில் சொன்ன முன்வரிசைக்காரன்தான் கேட்டான்: "ட்ரேனர், செவ்வாய்க்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு?"

"ஆறு மணி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிந்திவிடுமோ என்ற பயத்தில் நீ ஐந்தரைக்கே வந்துவிடுவாய்."

ஐந்தேகாலுக்கே போய்விட்டேன். அவரோ எனக்கும் முதலே வந்து நின்றுகொண்டிருந்தார்.