களைக்கும் முன்பே நடந்த ஜெபமணி

அன்று காலை ஐந்தேகாலுக்கு, வழக்கம்போல் சேர்ந்து ஓட, செண்பகத்தோப்பு சாலை முக்கில் நின்றுகொண்டிருந்தேன். ஜெபமணி பிந்தி வந்ததே இல்லை. ஐந்தரைக்கு அவள் கணவர் போனில் அழைத்தார். "ராத்திரி தலைவலின்னு படுத்தா. இப்ப எழுப்புனா எந்திரிக்கல" என்றார். தூக்கத்திலேயே இறந்திருந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்று பிறகு சொன்னார்கள். வயது நாற்பத்தாறு. எனக்கும் அதே வயதுதான்.

நம் ஓட்டக்குழுவில் எல்லோரும் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர், பிரியமாகத்தான், "ஓடி நடன்னு ஊருக்கெல்லாம் சொன்னாவ, பந்தயத்துல அவியளுக்கே அது கைகொடுக்கலையே" என்றார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் அவள் பஞ்சுப் பரிசோதனைக் கூடத்திலும் நான் அலுவலகத்திலும் வேலை பார்த்தோம். எனக்குச் சர்க்கரை ஏறியதும் ஓடக் கூப்பிட்டவள் அவள்தான். என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எங்கயாவது மயங்கி உக்காந்தேன்னு கேள்விப்பட்டேன், அன்னையோட நிப்பாட்டிரணும்."

மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இதுதான் ஜெபமணியின் கணக்கு. மூச்சு வாங்காதபோதும் கடிகாரம் கூவினால் நடந்துவிடுவாள். நம் ஊரில் ஓடுகிறவள் நடந்தால் போதும், பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. ஒருநாள் ஆலை வேன் ஓட்டுநர் பக்கத்தில் வந்து நிறுத்தி, "முடியலையாக்கா? ஏறுங்க, வீட்ல விட்டுருதேன்" என்றார். "முடியுறதாலதான் நடக்கேன், நீ போ" என்றாள் அவள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆள் தெரிந்தால் நடையைத் தவிர்த்து ஓடிக்கொண்டே இருப்பேன். "களைச்ச பொறவு நடந்தா திரும்ப ஓட மனசு வராதுட்டி. மொத நடைய விட்டீன்னா கடேசியில ஓட்டத்தையே விட்டுருவ" என்று திட்டுவாள்.

போன மாசியில் மதுரையில் பத்து கிலோமீட்டர் பந்தயம். எண்பது நிமிடத்தில் முடிப்பேன் என்று நம் குழுவில் சொல்லியிருந்தாள். அவள் முறையை 'நடைப்பயணம்' என்று கேலி செய்தவர்களுக்கு அதுதான் பதில். உள்ளங்கையில் பேனாவால் 80 என்று எழுதியும் வைத்திருந்தாள்.

கொட்டுச் சத்தமும் கைதட்டலுமாக இருந்த இடத்தில் எங்கள் முதல் நடை வந்தது. அவள் நடந்தாள். நான் நிற்காமல் ஓடினேன், அடுத்த நடையிலும் ஓடினேன். ஏழாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் இறுகிப்போய்ச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை இருட்டியது. கொஞ்ச நேரத்தில் ஜெபமணி வந்தாள். நல்ல வேகத்தில்தான் வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீ போ" என்றேன்.

"போறேன். நீ மொதல்ல எந்திரி."

பையிலிருந்த கடலைமிட்டாயைத் தின்னவைத்து, என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மீதி மூன்று கிலோமீட்டரையும் நடந்தே கடந்தோம். முடித்தபோது நூறு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திரும்பும் பேருந்தில் என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்டீர்கள். நான் பேசுவதற்குள் அவள், "எனக்குக் காலு புடிச்சிக்கிட்டு. இவதான் கூட்டிட்டு வந்தா" என்றாள். அடுத்த ஞாயிறு நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஓட விடுவாரா? எனக்கென்ன, அடுத்த வருசம் ஓடிக்கிடுதேன்" என்றாள்.

கால் பிடித்தது எனக்குத்தான். அவள் முறை அவளைக் கைவிடவில்லை. இத்தனை மாதம் அந்தக் கேலியை அவள் தலையில் விட்டுவிட்டு இருந்ததற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டியவளிடம் கேட்க இனி வழியில்லை.

நேற்று என் கணவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர், "நிக்காம போயிருந்தா அவிய எண்பதுல முடிச்சிருப்பாவளா?" என்று கேட்டார். முடித்திருப்பாள் என்றேன். இன்று காலை ஐந்து மணிக்கு ஓடப் போகச் சொல்லி அவரே என்னை எழுப்பிவிட்டார். ஜெபமணி எனக்கென்று விட்டுப்போனது இந்த ஓட்டம்தான்.