நஸீர் சேர் சொல்லாத தண்ணீர்

ஒரு நல்ல மனிதரை, தமக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று அவரே நம்பும்படி செய்தவள் நான்.

அவருக்கு நோய் எதுவும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் சொன்ன ஒரே ஒரு பொய்தான் இருந்தது. அது இன்னும் இருக்கிறது... அவருக்குள்ளும் எனக்குள்ளும்.

நீங்கள் என்னைத் திட்டலாம். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் எழுந்துபோய்த் தீர்ப்பு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கண்டி நகரில் ஒரு தேயிலைக் கம்பனியின் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பங்குச் சந்தையில் பதிவான கம்பனி. அது செய்யும் நல்ல காரியங்களைப் பற்றிச் சந்தைக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. மரம் நட்டோம், பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தோம், முதியவர்களுக்கு முகாம் வைத்துக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்தோம்... சமூகப் பொறுப்பு என்று இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் எழுதுவதைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் என் மேலதிகாரி நஸீர் சேர். அக்குறணைக்காரர். நேர்முகப் பரீட்சையில் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு கேள்வி கேட்ட மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவளுக்கு இங்கிலீஷ் அறிக்கை எழுத வருமா என்று அவர்களுக்குச் சந்தேகம். நஸீர் சேர்தான் ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளி, "எழுதிக் காட்டுங்க புள்ள" என்றார். எழுதிக் காட்டினேன். அன்றே வேலை கிடைத்தது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் நடந்த உடனே அதை அறிவிக்க மாட்டோம். எழுதி என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைப்போம். காலாண்டு வருமானம் மோசமாக வரும் நாளில் அதிலிருந்து ஒன்றை வெளியே எடுப்போம். நட்டச் செய்தியும் நல்ல செய்தியும் கைகோத்துக்கொண்டு சந்தைக்குப் போகும். பங்கு விலை விழ வேண்டிய அளவுக்கு விழாது. வெறும் வயிற்றில் கசப்பு மருந்து கொடுக்கக் கூடாது என்பார்களே, அந்த மாதிரிதான்.

விலைத்திரையைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இது. கொப்பி கொடுத்த செய்திக்குப் பங்கு விலை அசையாது. கண்ணாடி முகாமுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் செய்து முடித்த எந்தக் காரியத்தையும்விட, செய்யப்போகிறோம் என்று சொல்லும் காரியத்துக்குத்தான் சந்தையில் மதிப்பு. சொன்னதைச் செய்தார்களா என்று ஒருவரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

இது பாவம் இல்லையா? இது என் பாவத்தைவிடச் சின்னதா? எனக்கு விளங்கவில்லை.

ஹேவாஹெட்டப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அதுவும் இதே கம்பனியுடையதுதான். அங்கே லயத்துக்கு எண்பது படி கீழே ஒரு பீலி. மலையிலிருந்து குழாய் வழியாக ஒழுகி வரும் அந்தத் தண்ணீர்தான் குடிக்கவும் குளிக்கவும். படி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மண்ணில் வெட்டிய பள்ளங்கள் அவை. ஒரு மழை நாளில், இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு ஏறிவந்த என் அக்கா சரஸ்வதி அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு கொழுந்து எடுக்கப் போவது நின்றது. ஆனால் தண்ணீர் எடுக்கப் போவது நின்றதா? நிற்கவில்லை... ஒரு கையில் தடி, மறு கையில் ஒரு கேன்.

லயத்து ஆட்கள் தண்ணீர்த் திட்டம் கேட்டு மூன்று தடவை கம்பனிக்கு மனுப் போட்டார்கள். தமிழில் எழுதிய மனு என் மேசைக்குத்தான் வரும். நான் அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். கொழும்பிலிருந்து வரும் மறுப்பை மறுபடி தமிழில் பெயர்த்துத் தோட்டத்துக்கு அனுப்புவேன். 'தற்போதைய நிதி நிலைமையைக் கருத்திற்கொண்டு...' என்று தொடங்கும். அக்கா கைநாட்டு வைத்த மனுவுக்கு, முடியாது என்று நானே என் கையால் எழுதினேன். மூன்று தடவை எழுதினேன்.

நான்காவது தடவை எழுத என் கை மறுத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காலாண்டு வருமானம் படுமோசம். வெள்ளிக்கிழமை அறிவிக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நஸீர் சேர் சொன்னார், "ஹுன்னஸ்கிரியவில வெச்ச கண்ணாடி முகாம் லாச்சிக்குள்ள ஈக்கிதானே. அதெ எடுத்துப் போடுங்க புள்ள."

சரி சேர் என்றேன்.

மறுநாள் கண்ணாடி முகாமைப் போடவில்லை. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் எல்லா லயங்களுக்கும் வாசல்வரை குழாய்த் தண்ணீர், வேலை உடனடியாக ஆரம்பம் என்று ஒரு புதிய அறிக்கை எழுதினேன். அழகாக எழுதினேன்.  ஒரு சொல்லையும் அடித்துத் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நஸீர் சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுமுன் எல்லாத் தாள்களிலும் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். என் தாள்களை மட்டும் வாசிக்க மாட்டார். நான் எழுதினால் பிழை இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் கையெழுத்து இருந்தால் கொழும்பில் கேள்வி கேட்காமல் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல காரியத்தை யார் சந்தேகப்படுவார்கள்? தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே கையெழுத்திட்டார். நான் அனுப்பிவிட்டேன்.

அவர் தொழுது முடித்துத் திரும்பி வருவதற்குள் பங்கு விலை இரண்டு ரூபா எழுபது சதம் ஏறியிருந்தது. அந்த வருமானத்துக்கு விழுந்து நொறுங்கியிருக்க வேண்டிய விலை... ஏறியது.

நஸீர் சேர் திரையைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நான் கண்ணாடி முகாமத்தானே செல்லீந்தேன்?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். அறிக்கையை வாபஸ் வாங்கியிருப்பார்கள். அக்கா தடியை ஊன்றிக்கொண்டு பீலிக்கு இறங்கியிருப்பாள்.

"இல்ல சேர். தேத்தண்ணி குடிக்கிறப்ப, கண்ணாடி வேணாம், ஹேவாஹெட்டத் தண்ணியப் போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. கொழும்புல பேசிட்டேன்னும் சொன்னீங்களே... மறந்துட்டீங்களா?"

மறந்துட்டீங்களா. அந்த ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். அவருடைய வாப்பா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்து போனவர். சோறு ஊட்டிய மகனைப் பார்த்து, "நீங்க யார்ட மகன்?" என்று கேட்டவர். ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் நஸீர் சேர் அதை என்னிடம் சொல்லி, சோற்றைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார். தமக்கும் அப்படி வந்துவிடுமோ என்பது அவருடைய ஒரே பயம். அந்தப் பயம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துதான் அங்கே கை வைத்தேன்.

அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து கம்பனித் தலைவரின் அழைப்பு வந்தது. மூன்று தடவை மறுத்த திட்டத்தை யார் அறிவிக்கச் சொன்னது என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. நஸீர் சேர் என் பக்கம் பார்க்கவே இல்லை. "நான்தான் சேர் செல்லின. என்ட பிழைதான்" என்றார்.

தாம் செய்யாததைத் தாம் செய்ததாக, மனதார நம்பிச் சொன்னார்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? சந்தை மூடும்போது விலை இன்னும் ஏறியிருந்தது. திங்கட்கிழமை வெளிநாட்டில் எங்கள் தேயிலை வாங்குகிறவர்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள். கத்திய அதே தலைவர் மறுபடி அழைத்தார். இனி இல்லையென்று சொன்னால் ஏறிய விலை இறங்கும், கட்டித் தொலையுங்கள் என்றார். மூன்று மனுவுக்கு இளகாத மனம் இரண்டு ரூபா எழுபது சதத்துக்கு இளகிவிட்டது. இதைப் பார்த்த பிறகும் நான் தலைகுனிய வேண்டும் என்கிறீர்களா?

எட்டு மாதத்தில் தண்ணீர் வந்தது. அக்கா தொலைபேசியில் சொன்னாள், "புள்ள, வாசலுக்கே வந்துருச்சு. ஒரு வாளி நெறச்சேன். கீழ ஊத்திட்டு இன்னொரு வாளி நெறச்சேன்... சும்மா பாக்குறதுக்குத்தான்." அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

தண்ணீர் வந்துவிட்டது என்ற அறிக்கையையும் நானே எழுதினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அன்று பங்கு விலை பத்துச் சதம்கூட அசையவில்லை.

ஆகவே பொய் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அந்தச் சந்தைக்கு இன்னொரு தடவை பொய் சொல்லக் கிடைத்தால் இன்னொரு தோட்டத்துக்குத் தண்ணீர் கேட்பேன். என்னைப் பொய்க்காரி என்கிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த எண்பது படியில் இரண்டு கேன் தண்ணீரோடு ஏறிவிட்டு வந்து சொல்லட்டும்.

ஆனால் நஸீர் சேர்...

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு சின்னக் கொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். யார் என்ன சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வார். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தார். டாக்டரிடம் போனார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார், அவர் நம்பவில்லை. வாப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒரு தடவை நம்பிவிட்டால், பிறகு சொன்ன எதையும் எப்படி நம்புவது?

இனி ஒரு பெரிய பிழை செய்யுமுன் விலகிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். தண்ணீர் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது அப்போது. திட்டத்தை இனி யாரும் வாபஸ் வாங்க முடியாது. அக்காவின் வாசலில் குழாய் இருக்கிறது. நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் போவது என் வேலை மட்டும்தான்.

திறக்கவில்லை. அவருடைய இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார். அவருடைய கதிரையில் இப்போது நான் இருக்கிறேன்.

 பொய் அக்காவுக்காக. மௌனம் யாருக்காக? எனக்காக. இந்த ஒன்றில் மட்டும் உங்களோடு வாதாட வரமாட்டேன்.

போன மாதம் அக்குறணைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். அவருடைய மனைவி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். நஸீர் சேர் நன்றாகத்தான் இருக்கிறார். முன்பு எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாருடைய பிள்ளைகளின் பெயரையும் சொல்லி விசாரித்தார். ஒரு பெயரும் தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரைச் சொன்ன பிறகும் மனைவியின் முகத்தைப் பார்த்தார், சரிதானா என்று. முன்வாசலைத் தாண்டித் தனியாகப் போவதில்லையாம். வழி மறந்துவிடுமாம்.

"புள்ள, அந்தத் தண்ணி இன்னம் வருதா?" என்று கேட்டார்.

"வருது சேர்."

கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். "மறதியால எத்தனையோ பேர் கெட்டுப் போறாங்க. என்ட மறதியால ஒரு லயத்துக்குத் தண்ணி வந்தீக்கி. அல்லாஹ் எனக்குத் தந்த நல்ல மறதி அது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வட்டிலப்பத் தட்டை எடுத்துக்கொண்டேன். சொன்னால் அவருக்கு அவருடைய புத்தி திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் அவருடையதாக இல்லாமல் போய்விடும். எது பெரிது என்று நான் யார் தீர்மானிக்க? முன்பு ஒரு தடவை தீர்மானித்தேனே... அது போதாதா?

பேனையை மூடிவிட்டு நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"இதெ நான் முந்தியும் ஒங்கள்ட்ட கேட்டீக்கா?"

அவர் கேட்டதே இல்லை. விலகிப் போனபின் நான் அவரைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை.

"இல்ல சேர். இப்பதான் மொதத் தடவையா கேக்குறீங்க. சத்தியமா."

அவர் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார்.

"நீங்க நல்ல புள்ள. என்ட மனசு நோகக் கூடாது எண்டு அப்பிடிச் செல்றீங்க."