ஆறு மணி பஸ்ஸும் டீ நேரமும்

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல பொம்ம பாட்டில் ஓட்டுனா இங்க நெஜ பாட்டில் நவுருமா?"

சேதராப்பட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த ஷாம்பு கம்பெனியின் சூப்பர்வைசர் என்னிடம் முதலில் கேட்டது இதுதான். தொழிற்சாலையில் வேலை நடக்கும் விதத்தை அப்படியே கணினியில் வரைந்து, எதையாவது மாற்றினால் என்ன ஆகும் என்று அங்கேயே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் கேள்வி உறுத்தியது. ஆனாலும் திரையில் பாட்டில்கள் வரிசையாக நகர்வதைப் பார்க்க எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது.

லேபிள் ஒட்டும் மெஷினிலிருந்து மேசைக்கு வந்து சேரும் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அன்றைய சரக்கு முடியாமல் அவர்கள் கிளம்ப முடியாது. அதற்குள் ஆறு மணி கம்பெனி பஸ் போய்விடும். பிறகு மெயின் ரோடு வரை நடந்து, டெம்போவில் நசுங்கிக்கொண்டு குருசுக்குப்பத்தில் எங்கள் வீடு வந்து சேருவாள். நானோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவேன். அம்மாவை எப்படியாவது அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கணினி காட்டிய காரணம் எளிது. எல்லாவற்றிலும் மெதுவானது லேபிள் மெஷின். டீ நேரத்தில் பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து போனால் மேசை நிரம்பிவிடும், அந்த மெஷினையும் நிறுத்த வேண்டிவரும்; அங்கே விட்ட நேரத்தைப் பிறகு பிடிக்கவே முடியாது. திரையில் அவர்களை இரண்டிரண்டு பேராக டீக்கு அனுப்பினேன். ஆறு மணிக்கு முன்பே சரக்கு முடிந்தது. மேனேஜரிடம் காட்டிச் சம்மதம் வாங்கினேன்.

மறுநாள் முதலில் போன இருவர் திரும்பவே இல்லை. அடுத்துப் போன இருவரும் அப்படியே. தேடிக்கொண்டு கேன்டீனுக்குப் போனால், டீயை மூடி வைத்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்று வழக்கத்தைவிடத் தாமதம். உன் பொம்மைகளுக்கு டீ பழக்கம் இல்லை போல என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

வேலையிடத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வது அம்மாவின் வழக்கம். அன்று வீட்டிலும் விடவில்லை.

"ரெண்டு ரெண்டு பேரா குடிச்சா அதுக்குப் பேரு டீயாடி? மாத்தர போட்டுக்கற மாதிரி இருக்குது. மேடத்துக்கு இதுகூடத் தெரியாதா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள் என்பதை மாற்றக்கூடாத விதியாகக் கணினியில் போட்டேன். பிறகு மேசையைப் பற்றி யோசித்தேன். அது நிரம்புவதால்தானே மெஷின் நிற்கிறது? கிடங்கில் சும்மா கிடந்த காலி க்ரேட்டுகளைப் பக்கத்தில் வைத்தால், அவர்கள் வரும்வரை பாட்டில்கள் அவற்றில் சேரும். மெஷின் ஓட்டுபவர் நல்லவேளையாக டீ குடிக்காதவர்; அவரே அவற்றை எடுத்து வைத்துவிடுவார். திரும்பி வந்து அந்த மிச்சத்தை அடுக்கிவிடப் பெண்களுடைய கைவேகம் போதும்.

வெள்ளிக்கிழமை அப்படியே செய்து பார்த்தோம். ஆறு மணிக்குச் சற்று முன்னால் அம்மா பஸ்ஸில் ஏறினாள். என்னை நகர்ந்துகொள்ளச் சொல்லி ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசரே என் மேசைக்கு வந்தார். "கம்பெனி கேட்டாண்ட லாரிங்க ரொம்ப நேரம் நிக்குதும்மா. அதையும் கொஞ்சம் ஓட்டிப் பாரேன்."

கணினியைத் திறக்கும் முன்பே, டிரைவர்கள் எங்கே, யாரோடு டீ குடிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.