எட்டு கிராம் காற்று

5 மார்ச் 2001 — 18.00
21 ஜனவரி 2002 — 18.00
30 ஆகஸ்ட் 2004 — 25.00

மூன்றும் பதிவுத் தபால் செலவு. என் தங்கைக்காக நான் கட்டியது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் தராசு. அரை மதிப்பெண்ணுக்காக ஒரு விடைத்தாளை மூன்று முறை கூட்டிப் பார்ப்பாள். அதனால்தான் இயற்பியல் போட்டியில் கார்களை எடைபோடும் பொறுப்பு அவளிடம் வந்தது.

எல்லாம் கையளவு மரக்கார்கள். பின்புறம் விரல் பருமனில் ஒரு சோடா வாயு உருளை. அதன் வாயை ஊசியால் குத்தினால் வாயு சீறிக்கொண்டு வெளியேறும். கூடத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பியைப் பிடித்தபடி கார் முன்னே பாயும். ஓடும்போது எந்தப் பாகமும் கழன்று விழக்கூடாது. அதற்காக ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுப்பார்கள். எல்லாரும் உருளையைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் தராசில் வைத்தார்கள். போட்டிக்கு வந்திருந்த எங்கள் ஊர் வெல்டரின் மகள் மட்டும் கழற்றவில்லை. ஒத்திகையில் உருளை ஆடிக் கார் கோணிப் போனதால், காகிதப் பட்டை சுற்றிப் பசைபோட்டு இறுக்கியிருந்தாள்.

“இப்ப பிடுங்கினா மரம் பிளந்துடும் டீச்சர்.”

“சரி, அப்படியே வை,” என்றாள் தங்கை.

அந்தக் கார்தான் முதலில் வந்தது. திரும்ப நிறுத்தபோது எட்டு கிராம் குறைந்தது.

“என்னம்மா கழண்டு விழுந்துது?”

“ஒண்ணும் விழல டீச்சர். உள்ள இருந்த காத்துதான் போச்சு.”

“காத்துக்கு ஏதும்மா எடை? பலூனைக் கிலோ கணக்குலயா விக்கிறாங்க?”

கூடமே சிரித்தது. கடைசி வரிசையில் நானும் சிரித்தேன். முதலிடம் போயிற்று, அதோடு, முதலில் வருபவருக்கென்று தொழில்நுட்பக் கல்லூரியில் வைத்திருந்த இலவச இடமும் போயிற்று.

மறுமுனையில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியர் மாலையில்தான் இந்தப் பக்கம் வந்தார்.

“சார், ஒரு உருளைல எவ்வளவு வாயு இருக்கும்?”

“எட்டு கிராம். ஏன் டீச்சர்?”

தங்கை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முடிவுத்தாளோடு போட்டிக் குழு எப்போதோ கிளம்பியிருந்தது.

திங்கட்கிழமை குழுவுக்கு எழுதினாள். முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில். அதன்பின் காய்கறிக்காரர் நிறுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“எடையைப் பாருங்க டீச்சர், அப்புறம் குறைஞ்சுதுன்னு சொல்லக்கூடாது.”

“நீங்க சொன்னா சரிதான்.”

பிறகு குழுவுக்குப் புதிய செயலாளர் வந்தார். அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு அனுப்பினால் பார்க்கலாம் என்றார். வெல்டரின் மகள் வேலை செய்த பம்ப் பழுதுபார்க்கும் கடையைத் தவிர்க்க, அத்தனை நாளும் சுற்றுவழியில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள் தங்கை. என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள்.

“அண்ணா, நீ பேசேன்.”

“நிறுத்தது நீ. நீயே பேசு.”

கிரீஸ் கையைத் துடைத்தபடி அந்தப் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் மறந்தே போச்சு டீச்சர்,” என்றாள்.

தங்கை அவள் தலைக்கு மேலிருந்த அலமாரியைப் பார்த்தாள். எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே கார் நின்றது. டப்பாக்களின் மேல் தூசி படிந்திருந்தது. காரின் மேல் இல்லை.

“என்னாலதானே உனக்குக் காலேஜ் போச்சு...”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். “எட்டு கிராமுக்கு எங்க டீச்சர் கையெழுத்து போடணும்?”

அவள் சிரித்தாள். தங்கையால் சிரிக்க முடியவில்லை. என்னாலும்தான்.

முதலிடம் வெல்டரின் மகளுக்கே எனக் குழு திருத்தி எழுதியது. கல்லூரி இடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தில் சேர்ந்தவர் அதற்குள் படிப்பையே முடித்திருந்தார். அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி: 11 அக்டோபர் 2004.