ஷட்டரைப் பாதி இறக்கத் தெரியாத எங்கள் அப்பா

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, "தைரியசாலி" என்று ஒரு வார்த்தை மறக்காமல் போடச் சொன்னார்கள் உறவினர்கள். போட்டுவிட்டேன். அவருடைய தைரியத்தால் வீட்டில் இருந்தவர்கள் எப்படி நடுங்கினோம் என்பதையும் எழுதினால்தான் அது முழுமையாகும்.

அப்பா பிறந்தது மலையாள நாட்டு மலையில் இருக்கும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில். திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் வளர்ந்து, அட்டைக்கடியோடு பள்ளிக்கூடம் போனார். தாத்தா இறந்ததும் படிப்பு நின்றது, பட்டாளத்தில் சேர்ந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றியது அந்தச் சம்பளம்தான். எல்லையில் இருந்து கடிதம் வராத மாதங்களில் தபால்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தால்கூட அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றுத் திரும்பினார். இனி நிம்மதி என்று அம்மா நினைத்தார்கள். அப்பாவோ தம்பானூரில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் டிபன் கடை போட்டார். அதே சந்தில் பட்டாளத்திலிருந்து வந்த இன்னும் இருவர் கடை வைத்திருந்தார்கள். ஒன்று தையற்கடை, மற்றது பேட்டரிக் கடை. இருவரும் பட்டாளத்தில் தமிழ் பேசப் பழகிய மலையாளிகள், எனக்கு மாமாக்கள். தைப்பது அங்கே, சாப்பிடுவது இங்கே, வேறு கடைப் படி ஏறக்கூடாது என்பது மூவருக்குள்ளும் சட்டம். பேட்டரி தேவையே இல்லாத அப்பா, அந்த மாமாவுக்காகவே பேட்டரியில் எரியும் பெரிய விளக்கு ஒன்றை வாங்கிக் கடையில் மாட்டினார்.

ஹர்த்தால் என்கிற முழு அடைப்பு அன்று கடை அடைக்க இந்த ஊரில் ஒரு முறை உண்டு. ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். அடைத்த மாதிரியும் இருக்கும். குனிந்து வருகிறவருக்குச் சாயாவும் கிடைக்கும். ஊர்வலம் வந்தால் மீதியையும் இழுத்துவிடலாம். அப்பாவுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு ஹர்த்தால் காலையில், ஆஸ்பத்திரிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பஸ்ஸும் ஆட்டோவும் இல்லாமல் நிலைய வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், ஷட்டரை மேலே வரை தூக்கிவிட்டார்.

"ஏங்க, சந்து முழுக்க அடைச்சாச்சு. பாதி தாழ்த்தினா போதுங்க. ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளுங்க," என்று அம்மா கெஞ்சினார்கள்.

"நாம என்ன கள்ளக்கடையா நடத்துறோம்? நீ சட்னிய எடு."

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். கோஷம் முதலில் தூரத்தில் கேட்டது. பிறகு சந்து முனையில் கேட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெதுவாக இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். கொடிக்கம்புகளோடு கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

"கடை அடைக்கெடோ!"

அப்பா வாசலில் போய் நிமிர்ந்து நின்றார். "உள்ள சீக்குக்காரங்க சாப்பிடுறாங்க, மோனே. அவங்க எழுந்ததும் அடைக்கேன்."

கல் யார் கையிலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பாவின் காதை உரசிக்கொண்டு போய்க் கண்ணாடி அலமாரியில் விழுந்தது. அப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். கூட்டமும் பயந்திருக்க வேண்டும், உடனே கலைந்தது. சாம்பாரிலும் சட்னியிலும் கண்ணாடித் தூள். எல்லாவற்றையும் கொட்டினோம். அந்த அம்மாள் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். யாருக்காகத் திறந்தாரோ அவர்களே பசியோடு போனார்கள். அப்பா மதியம்வரை கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

துடைப்பத்தோடு வந்த தையற்கடை மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். "ஹவில்தாரே, வெடி வரும்போ பட்டாளத்துல நம்ம என்ன செய்யும்? தரையில படுக்கும். படுத்தவன் தோத்தவனா? ஷட்டர் இறக்குறதும் அப்படியாக்கும்."

அப்பா யோசித்தார். "இத முன்னமே ஒருத்தரும் சொல்லலியே," என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மாமாக்கள் இருவரும் சேர்ந்து அலமாரிக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தந்தார்கள். அதன் பிறகு ஹர்த்தால் என்றால் ஷட்டர் பாதிதான். பேட்டரிக் கடை மாமா சந்து முனையில் காவல் நிற்பார். தையற்கடை மாமா நிலையத்திலிருந்து நோயாளிகளை அழைத்து வருவார். அப்பா குனிந்து வருகிறவர்களுக்கு இலை போடுவார். எத்தனையோ குடும்பங்கள் பசியாறிப் போயின. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் பயந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மனிதருக்குப் பயம் என்பதே கிடையாதா என்று கோபம்கூட வரும்.

சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதெல்லாம் "கடை திறந்தாச்சா?" என்றுதான் கேட்டார். சில நாட்களில் எங்களை விட்டுப் போனார். கடையை விற்றுவிடலாம் என்றார்கள் அம்மா. நானும் சரி என்றேன். அவர் இல்லாமல் அந்த வாசலில் நிற்க எங்கள் இருவருக்கும் பயம்.

காரியங்கள் முடிந்த சில வாரங்களில் ஒரு ஹர்த்தால் வந்தது. நோயாளிகள் நிலையத்தில் நிற்பார்களே என்று மனசு கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். மாமாக்கள் எனக்கு முன்பே வாசலில் நின்றார்கள். கை நடுங்கிய நடுக்கத்தில் சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. தையற்கடை மாமா சாவியை வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு எதுக்கு நாணம், மோளே? அந்தக் கல்லு விழுந்த பிறகு எல்லா ஹர்த்தாலுக்கும் பூட்டு திறந்து குடுத்தது நானாக்கும். உங்கப்பா கை உன் கையவிட ஆடும்."

நடுச்சந்தில் நின்று அழுதேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் கவனித்தவர்களுக்கும், போனக்காட்டிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், இத்தனை காலம் எங்களுக்கே தெரியாமல் அவருக்குப் பூட்டுத் திறந்து கொடுத்த மாமாவுக்கும், முனையில் நின்ற மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கடையை விற்கவில்லை.