பர்னஸ் மோர்

முதலில் பூட்ஸ்தான் சொன்னது. காலையில் சரியாக இருந்த பூட்ஸ், ஷிப்டு முடிந்து வந்ததும் கழல மறுத்தது. இழுத்துக் கழற்றிப் பார்த்தால், காலுறையின் விளிம்பு கணுக்காலைச் சுற்றி வாய்க்கால் வெட்டியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. சோழவரம் ஏரியோரச் சேற்றில் மாடு மிதித்த தடம் மெல்ல நிறைவதுபோல அந்தக் குழி நிதானமாக எழுந்து வந்தது. அதை அழகு என்றே நினைத்தேன். பயம் பிறகுதான் வந்தது.

மூச்சாக வந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், பர்னஸ் (இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலை) பக்கத்திலேயே பாதி வாழ்க்கை நின்றவன் நான். அந்த அனலில் வாங்காத மூச்சு, வீட்டில் சட்டைப் பொத்தான் போடும்போது வாங்கியது.

திருவள்ளூரில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்தார்கள். திரையில் என் இதயம் நீருக்கடியில் வாழும் ஏதோ பிராணிபோல அசைந்தது. அவசரமில்லாமல், கொஞ்சம் சோம்பலாக. "இதயச் செயலிழப்பு" என்றார் மருத்துவர் அம்மா.

"நின்னு பூடுச்சாம்மா?" என்று கேட்டாள் என் மனைவி எஸ்தர்.

"நிக்கலம்மா. தள்ளுற பலம் கொறைஞ்சிருக்கு. அதனால தண்ணி கால்ல சேருது, நுரையீரல்ல சேருது."

இதே சொல்லைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். நிற்கவில்லை. சொல்தான் அப்படிப் பயமுறுத்துகிறது.

நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது), குறைந்த உப்பு, அளந்த தண்ணீர், தினமும் எடை. எனக்குள் ஓர் ஏரி வடிந்தது. கணுக்கால் எலும்பு கரைபோல மேலே தெரிந்தது. ஆலையில் என்னை எடைமேடைக்கு மாற்றினார்கள். லாரியைக் காலியாக எடை போட்டு, சுமையோடு எடை போட்டு, கழித்துச் சொல்லும் வேலை. விடிந்ததும் என்னை நிறுப்பேன், பிறகு பகலெல்லாம் லாரிகளை. எது நான், எது என் சுமை என்று சில பகல்களில் தெரியாது.

என் எடை ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், வடித்தார்கள், அனுப்பினார்கள். மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் வார்டில் எஸ்தருக்குத்தான் திட்டு. "உப்பு போடாதன்னா கேக்க மாட்டியாம்மா?" அவள் ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கருவாட்டை நிறுத்தினாள். எனக்கு வைத்த சப்பென்ற குழம்பையே தானும் தின்றாள். இருந்தும் தண்ணீர் எங்கிருந்தோ எனக்குள் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை நுரையீரல் நிறைந்தால் மீட்பது கஷ்டம் என்று மருத்துவர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. அவள் முகம் சொன்னது.

அந்த நேரத்தில்தான் மருத்துவர் எங்களைத் தொடர் கல்விக் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டார் (படித்து முடித்த மருத்துவர்கள் திரும்பவும் கூடிக் கற்கும் வகுப்பு). "நீங்க வந்து ஒக்காருங்க, போதும். எங்களுக்கு என்ன விட்டுப்போச்சுன்னு எல்லாருமா பாப்போம்."

குளிர்ந்த அரங்கம். சுவர் அளவுக்கு என் இதயம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, கனவில் தன்னையே பார்ப்பவன்போல நான். எஸ்தரிடம் அரிசி முதல் அப்பளம் வரை கேட்டார்கள். அப்பளமே கிடையாது என்றாள். மாத்திரையும் தப்பவில்லை. பிறகு கடம்பத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல சரி. டூட்டில என்ன குடிப்பீங்க?"

"மோர் சார்."

"உப்பு போட்டா?"

"பர்னஸ் மோர் சார். உப்பு இல்லாம எப்டி?"

உலையருகே நிற்பவர்களுக்கு ஷிப்டுக்கு நடுவே அண்டாவில் மோர் வரும். வேர்வையில் போகிற உப்புக்கு ஈடாக, கைகையாக உப்பு அள்ளிப் போட்டிருப்பார்கள். எடைமேடைக்கு வந்த பிறகும் என் பங்கு நிற்கவில்லை. என்னோடு உலையில் நின்ற தேசிங்கு அதைச் சொம்பில் எடுத்துக்கொண்டு ஆலையின் திறந்தவெளி யார்டைக் கடந்து வருவான். "இன்னா நைனா, சேர்ல ஒக்காந்துட்டா நீ ஆபீசரா? குடி. உன் பங்கு இன்னும் பர்னஸ்லதான் கீது." குடிப்பேன். குடிக்கும்வரை நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அந்தச் சிவந்த வெளிச்சத்தில்.

எஸ்தர் எழுந்துவிட்டாள். "மோரா? என்னாண்ட சொல்லவே இல்லியே நீ! நான் ஊட்ல உப்பு டப்பாவ ஒளிச்சி வெச்சிக்கினு கீறேன், நீ அங்க சொம்பு சொம்பா ஊத்திக்கினியா?"

"யாரும் கேக்கலமே. அது சாப்பாடா? அது டூட்டி."

அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நானும் என்ன சாப்ட்டீங்கன்னுதான் கேட்டுட்டிருந்தேன்" என்று எங்கள் மருத்துவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

ஆகவே, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். திருவிழாக் கூழ், டீக்கடை பிஸ்கட், நண்பன் நீட்டும் சொம்பு. பிரியமாக வருவதும் உடம்புக்குள்தான் போகிறது.

அடுத்த ஷிப்டில் தேசிங்கு வந்தான்.

"வாணாம்டா. உப்பு ஆவாதாம்."

சொம்பைப் பிடித்தபடி நின்றான். "அப்போ உன் பங்க இன்னா பண்றது?"

"நீயே குடி."

"ரெண்டு பங்கு குடிச்சி உன் நோவ நான் வாங்கிக்கவா? ஆள வுடு நைனா." சிரிக்காமல் போய்விட்டான். யார்டில் அவன் முதுகு சிறிதாகிக்கொண்டே போனதைப் பார்த்திருந்தேன். உலையை விட்டு நான் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கும் மறுநாள் வந்தான், தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு. என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடித்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறான். என் எடை ஏறவில்லை. அவன் குடிக்கையில் நான் என் அளந்த தண்ணீரில் ஒரு வாய் எடுத்து விழுங்காமல் வைத்துக்கொள்கிறேன். முதலில் குளிர்ச்சி. பிறகு அது நாக்கின் சூட்டுக்கு வருகிறது. தண்ணீர் எங்கே முடிகிறது, நான் எங்கே தொடங்குகிறேன் என்று தெரியாமல் போகிறது. ஒரு வாய்த் தண்ணீருக்குள் இவ்வளவு நேரம் இருக்கும் என்று இத்தனை வயதுவரை எனக்குத் தெரியாது.

மேடையில் லாரி ஏறி நின்று ஹாரன் அடிக்கிறது. பொறு என்று கையைக் காட்டுகிறேன். இன்னும் விழுங்கவில்லை.