மீன் வண்டிக்கு மெல்லிய ஒயில்

எங்கள் கெப் வண்டிக்கு என்ன ஒயில் ஊற்றுவது என்பதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. கேட்காதவர்களும் சொன்னார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார், முடிவெட்டுகிறவர் சொன்னார், சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத மேல்மாடி வாடகைக்காரரும் சொன்னார். எல்லாரும் சொன்னது ஒன்றைத்தான். பழைய டீசல் எஞ்சின், தடித்த ஒயிலையே ஊற்று, புதுப் பழக்கம் பழக்காதே.

முன்னால் இரண்டு பேர் உட்காரவும் பின்னால் திறந்த தட்டில் சாமான் ஏற்றவும் கூடிய சின்ன வண்டி அது. விடிவதற்கு முன் பேலியகொடை மீன் சந்தைக்குப் போவேன். வெள்ளை நுரைப் பலகையால் செய்த ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு மீனை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு வருவேன். அங்கே எங்கள் வீடு இருக்கும் குறுகிய ஒழுங்கையின் முனையில் என் மனைவி கையில் பையோடு ஏறுவாள். அவளுக்கு வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் வேலை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று ஊர்ந்து போய், அவளை இறக்கிவிட்டு, அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு மீனைக் கொடுத்துவிட்டுப் பகலில் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

பகலில் வீட்டுக்குத் திரும்புகிற வாழ்க்கை எனக்கு இந்த வண்டியோடுதான் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். சிலாபத்தில் ஐஸ் உடைத்தேன். வவுனியாவில் கல் உடைக்கும் இடமொன்றில் உழவு இயந்திரம் ஓட்டினேன். பிறகு கட்டாரில் கம்பெனி வண்டி ஓட்டினேன். சில இடங்களில் சாப்பாடு சரியில்லை. சில இடங்களில் சம்பளம் வரவில்லை. பெரும்பாலான இடங்களில் எல்லாம் சரியாகவே இருந்தன. நான்தான் கிளம்பிவிட்டேன்.

கல்யாணமான பிறகும் ஒரு தடவை கட்டாருக்குப் போய் வந்தேன். அந்தச் சம்பாத்தியம் முழுவதும் இந்த வண்டியாக ஒழுங்கையில் நின்றது. இதன் எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. திரும்பவும் விமானம்தான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை போன் எடுத்து, "அண்ணன், வண்டி எப்படி ஓடுது?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் கடகடவென்று தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வரும். பிறகு அடங்கும். தடித்த ஒயில் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஏறிப்போய்ச் சேரும்வரை இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் அது. வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும்போது எஞ்சின் கொதிக்கவும் செய்தது. கட்டாரில் நான் ஓட்டிய வண்டிகளுக்குச் சின்தெட்டிக் ஒயில்தான் ஊற்றுவார்கள். அந்த வெயிலில் நாள் முழுக்க ஓடியும் அவற்றில் இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அது மெல்லியது. சட்டென்று ஓடிப் பரவும், சூட்டுக்கும் லேசில் கெட்டுப்போகாது. அதை ஊற்றிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது.

ஜிந்துப்பிட்டியில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் சொன்னேன். மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் இங்கே எல்லாரும் கூப்பிடுவோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டார்ல இருந்து வந்து எத்தன வருசமாச்சு? இன்னும் எறங்கலயா நீ?"

"ஒயில் நல்லது பாஸ். காலையில வாற சத்தம் நிக்கும்."

"பேணியில ரெண்டு நம்பர் போட்டிருக்கான் பாரு. மொத நம்பர் குளிருக்கு. கொழும்புல என்ன ஸ்னோவா கொட்டுது?"

"குளிர் இல்லாட்டியும் ராத்திரி முழுக்க ஆறிப்போன எஞ்சின்தானே."

"ஆறட்டும். கெழவிக்கு மெல்லிசா சீலை கட்டினா குமரியாயிருவாளா? இந்த எஞ்சின்ல ரப்பர் சீல் எல்லாம் பழசு. தடிச்ச ஒயில் இருக்கிறதாலதான் அடைச்சுக்கிட்டு நிக்குது. மெல்லிசு ஊத்தினா ஒழுகும். ஒழுகினா கியர்பொக்ஸ எறக்கணும். சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் உண்மை உண்டு. பழைய எஞ்சின்களுக்கு அப்படி நடப்பதை நானும் கண்டிருக்கிறேன். ஒரு கிழமை யோசித்தேன். ஆனால் காலையில் அந்தக் கடகடச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினின் ஆயுளிலிருந்து ஒரு சிட்டிகை போகிறது போலிருந்தது. கடைசியில் பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

ஒயில் கடைக்கார முஸ்லிம் அண்ணரை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரை, எனக்கு முன்பே தெரியும். அவர் பெட்டியில் பணம் எண்ணியபடியே கேட்டார்.

"செல்லுங்க தம்பி, என்ன வேணும்?"

"டீசலுக்குச் சின்தெட்டிக்."

"புது வண்டி எடுத்தீங்களா?"

"பழையதுக்குத்தான்."

எண்ணுவதை நிறுத்தினார். "பழசுக்கா? மீன் ஏத்துற கெப்புக்கா? தம்பி, மீனுக்கு அத்தர் பூசின மாதிரி ஈக்கும்." சிரித்துவிட்டு இரண்டு பேணிகளை எடுத்து வைத்தார். "பெட்ரோலுக்கு உள்ளதும் டீசலுக்கு உள்ளதும் வேற வேற. முதல்ல அதப் பாருங்க. ஆகவும் மெல்லிசா உள்ளது ஒங்கட எஞ்சினுக்கு வாணாம். இது நடுத்தரம், பத்துக்கு நாப்பது. விலை கூடத்தான். ஒழுகினா என்னத் திட்ட வாணாம்."

மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல ஒயிலின் வெறும் பேணிகளைச் சேகரித்து, கழிவு ஒயிலை வடித்து ஊற்றி விற்கிறவர்கள் உண்டு. அதனால் ஓட்டுகிறவர்கள் நாங்கள் ஒயிலை ஊற்றி முடித்ததும் பேணியில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுவோம். இந்தத் தடவையும் ஊற்றிய பிறகு போட்டேன். ஒழுங்கையில் போத்தல் பேப்பர் வாங்க வருகிறவர் அதைப் பார்த்து, "என்ன அண்ணே, கண்ணப் பிடுங்கிட்டுப் பொணத்தத் தாறீங்க?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பாஸ் முணுமுணுத்தபடியேதான் பழைய ஒயிலை இறக்கினார். தார் போல வடிந்தது. புது பில்டர் போட்டார். கராஜில் இருந்த தண்ணீர் பம்பால் வண்டியை அடியிலும் மேலேயும் அடித்துக் கழுவியும் கொடுத்தார். மறுநாள் காலையில் திறப்பைத் திருப்பினேன். கடகடச் சத்தம் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஏறிய என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "என்ன, இண்டைக்கு வண்டி கோபமில்லாம நிக்குது?" என்றாள்.

அந்த மகிழ்ச்சி நாலைந்து நாள்தான் நீடித்தது. ஒரு நாள் பகல் வண்டியை எடுத்தபோது, அது நின்ற இடத்தில் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்திருந்தது. எங்கள் ஒழுங்கை துறைமுகப் பக்கம் சரிந்திருக்கும். வண்டியின் மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவேன். சொட்டு விழுந்திருந்தது நடுவில், எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. பாஸ் சொன்ன அதே இடம்.

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் ஊற்றிய நாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அடியில் விரித்தேன். மறுநாள் அட்டையில் உள்ளங்கை அளவு கறை. அதற்கடுத்த நாள் அதைவிடப் பெரிது. எண்ணெய் போலப் பரவி ஓரமெல்லாம் ஊறியிருந்தது. மேல்மாடிக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்து, "ஒழுகுதா? நான் அப்பவே சொன்னனே," என்றார்.

பாஸ் அடியில் தலையை நீட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. எதிர்பார்த்ததைக் காண எவ்வளவு நேரம் வேண்டும்?

"ஈரமா கெடக்கு. பின்பக்கத்துச் சீல் போச்சு. கியர்பொக்ஸ எறக்குறதுன்னா நாலஞ்சு நாள் வண்டி நிக்கும். இல்லன்னா இந்த ஒயில எறக்கிட்டுப் பழையத ஊத்தலாம். ஆனா ஒன்னு, ஒருக்கா ஒழுகத் தொடங்கின சீல் திரும்ப அடைக்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாலைந்து நாள் வண்டி நின்றால் வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். மீன் கொண்டுவர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த நேரத்தில்தான் ஏஜென்சிக்காரரின் மாதாந்த அழைப்பு வந்தது. வண்டி ஒழுகுகிறது என்று சொன்னேன். "அப்படியா அண்ணன்?" என்று வருத்தப்பட்டுவிட்டு, கட்டாரில் பழைய கம்பெனியிலேயே இடமிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

போனை வைத்துவிட்டு நான் அலுமாரியிலிருந்து பாஸ்போட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். எடுக்கும்போது கவலையாகத்தான் இருந்தது. ஆனால் கவலைக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது கால்களில் ஏறும் அந்தச் சுறுசுறுப்பு. எனக்குப் பழகிய உணர்வு அது.

அவள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை பிடிக்கவில்லை.

"போறதெண்டா போங்கோ. நான் மறிக்க மாட்டன். ஆனா வண்டியில பழியப் போடாதேங்கோ."

"வண்டி ஒழுகுது. நீயும் பாத்தனீதானே."

"பாத்தனான். உங்கட முகத்தையும் பாத்தனான்."

பாஸ்போட்டை மேசையிலேயே வைத்தேன். வெள்ளிக்கிழமை பகல் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் புது ஒயிலை இறக்கிவிடுவது, அப்படியே ஏஜென்சிக்கும் ஓம் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. நான் வெள்ளவத்தையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, அட்டையை வழக்கம் போல அடியில் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் துணி காயப்போட வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வெளியில வாங்கோ."

"சாப்பிடுறன்."

"கையோட வாங்கோ. ஒயிலப் பூனை நக்குமே?"

சோற்றுக் கையோடு போய்க் குனிந்து பார்த்தேன். வண்டிக்கடியில் ஒழுங்கைப் பூனைகள் மூன்று அட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒன்று கறையை நக்கிக்கொண்டிருந்தது. மற்றது அட்டையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. மூன்றாவது, கியர்பொக்ஸ் பக்கம் அண்ணாந்து பார்த்தபடி அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தது.

"எந்தப் பூனையடி டீசல் ஒயில் குடிக்கும்?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கிறன்."

இடது கையால் அட்டையை வெளியே இழுத்து மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வருடக்கணக்காக மீனோடு இருக்கும் மூக்கு. எங்கள் வண்டி, எங்கள் உடுப்பு, எங்கள் தலையணை எல்லாம் மீன்தான். அது ஒரு மணமாகவே எங்களுக்குப் படுவதில்லை. அட்டையை மேல்மாடிக்காரரிடம் நீட்டினேன். அவர் படியிறங்கி வந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சூரை மீன் அழுகின நாத்தம்!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். பழைய துணியால் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தைத் துடைத்தேன். துடைத்த இடம் துடைத்தபடியே இருந்தது. மேலிருந்து ஒன்றும் கசியவில்லை. ஈரம் வந்தது பின்னாலிருந்து. பின்தட்டின் முன்மூலையில் தண்ணீர் போக ஒரு துளை உண்டு. அதை ஒரு ரப்பர் அடைப்பு மூடியிருக்கும். அந்த அடைப்பைக் காணவில்லை. பாஸ் பம்பால் கழுவியபோது தெறித்துப் போயிருக்க வேண்டும். ஐஸ் உருகி மீனின் கொழுப்போடு அந்தத் துளையால் இறங்கி, சரிவில் சட்டத்தின் வழியே முன்னால் ஓடி, எத்தனையோ வருடத்துப் பழைய கிரீஸை நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு, கியர்பொக்ஸுக்கு அடியில் வந்து கறுப்பாகச் சொட்டியிருக்கிறது. கம்பியில் ஒயில் இறங்கியிருந்ததற்கும் இப்போது காரணம் விளங்கியது. புது பில்டர் தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டு நிரம்பியிருக்கிறது. அதன் பிறகு கம்பியை இழுத்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும் மட்டம் ஒரு நூலும் இறங்கியிருக்கவில்லை. அதைச் சரியாகக் கவனித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எல்லாரும் ஒழுகும் ஒழுகும் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் நானும் ஒழுகலைத்தான் தேடினேன்.

நான் அடியிலிருந்து வெளியே வந்தபோது என் போன் அடித்தது. அவள் எடுத்து நீட்டினாள். ஏஜென்சிக்காரர்.

"அண்ணன், வண்டி எப்படி?"

"வண்டி ஒழுகல்ல. அது மீன் தண்ணி."

"அது சரி அண்ணன். நீங்க வாறீங்களா, இல்லையா? ரெண்டில ஒண்டச் சொல்லுங்க."

பதிலை வண்டி சொல்லிவிடும் என்று இத்தனை நாளாக இருந்துவிட்டேன். இப்போது வண்டி நன்றாக இருந்தது. சோறு காய்ந்த கையோடு நான்தான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடியில் துணியைப் போட்டு, ஏற்கெனவே நேராக இருந்ததை இன்னும் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"வரேல்ல," என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஓம். வேற ஆளப் பாருங்கோ."

கால்களில் அந்தச் சுறுசுறுப்பு உடனே போய்விடவில்லை. அது இன்றைக்கும் சில காலைகளில் பாலத்தின் மேல் வரும்போது வருகிறது. வந்துவிட்டுப் போகிறது.

அவள் உள்ளே போய்ப் பாஸ்போட்டை எடுத்து அலுமாரியில் வைத்தாள். நான் கையைக் கழுவிவிட்டு, தேய்ந்த செருப்பொன்றின் அடி ரப்பரை வட்டமாக வெட்டி, பின்தட்டுத் துளையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினேன். மறுநாள் அட்டை காய்ந்திருந்தது. பூனைகள் வந்து பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மேல்மாடிக்காரரின் படிக்கட்டுக்குப் போய்விட்டன.

அடுத்த சேர்விசுக்கும் நானாவிடம் அதே ஒயிலைத்தான் வாங்கினேன். பாஸ் பேணியைத் திறக்கும் முன் கேட்டார், "பூனைகள்ட்ட கேட்டுட்டியா?"

"கேட்டேன். வேணாமாம். வண்டிக்கே ஊத்தட்டாம்."

அவர் ஊற்றினார். கழுவும்போது மட்டும் நான் பின்தட்டில் ஏறி நின்று, செருப்பு ரப்பரின் மேல் காலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.